யாருடைய மிளகு

நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் காலை பஸ்ஸில் ஒரு நாள் ஐந்து பலாப்பழங்கள் ஏறின. நான்கு பழங்கள் இருக்கைக்கு அடியில். ஐந்தாவதை ஒருவர் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து நின்றார்.

"யாருதுங்க இதெல்லாம்?"

மடியில் பழம் வைத்திருந்தவர் சன்னல் வழியாகக் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உங்களுதா?"

"இல்லீங்க."

"பின்ன மடியில வெச்சிருக்கறீங்க?"

"வளைவுல உருளுமுங்க."

"அப்ப யாருதுன்னு சொல்லுங்க."

அவர் நன்றாக யோசித்தார். "மரத்துதுங்க" என்றார்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. "அப்ப மரத்துக்கே டிக்கெட் போட்டுரட்டுமா?" என்றார் கண்டக்டர். பெரியவர் இடுப்பு மடிப்பிலிருந்து ரூபாய்த் தாள்களை எடுத்து அப்படியே நீட்டினார். "லக்கேஜுக்கு எவ்வளவோ எடுத்துக்கோங்க சாமி. யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க."

நான் பின் இருக்கையில் இருந்தேன். லக்கேஜ் காசைத் தட்டிக் கழிக்க இது ஒரு புதுத் தந்திரம் என்று எண்ணியிருந்தேன். ஐந்துக்கும் காசு கொடுத்துவிட்டு, மடியில் இருப்பதற்கு வேண்டாம் என்று கண்டக்டர் திருப்பிக் கொடுத்ததை அவர் வாங்க மறுத்தபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே ஓய்வு பெற்று, அப்போதுதான் இந்த மலைக்குக் குடிவந்தவன் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எத்தனை, யார் பேரில் என்ற இரண்டு கேள்விகள் தானாக எழும். பிறகு அவரோடு பழகிய வருஷங்களில், முதல் கேள்விக்கு அவரிடம் எப்போதும் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

அவர் இப்போது இந்த மலையில் இல்லை. அடிவாரத்தில், மகளைக் கட்டிக் கொடுத்த குப்பனூரில், மனைவியோடு இருப்பதாகக் கேள்வி. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். முழங்கால் வலி என்று ஏதோ ஒரு சாக்கு வந்துவிடுகிறது.

என் வீட்டுக்குக் கீழே சரிவில்தான் அவர் வீடு. ஓடு போட்ட இரண்டு அறைகள். அதை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் இரண்டு ஏக்கர் நிலம். கேழ்வரகு, கொஞ்சம் ஆரஞ்சு, ஓரத்தில் காப்பி. பாட்டன் காலத்துப் பட்டா. ஆனால் அவர் அதை "கீழ கெடக்கற காடு" என்பார். அவர் மாடு "அங்க கட்டியிருக்கற மாடு". மகள் "ஊட்டுல வளந்த பொண்ணு". ஒரு முறை என் வீட்டு வாசலில் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் பால் கொண்டுவந்தபோது "உங்கள் குடைதானே?" என்று நீட்டினேன். கையை நீட்டவே இல்லை. "மழைக்குப் புடிச்சிட்டு வந்த குடைங்க அது" என்றார். "எடுத்துப்போங்கள்" என்று நான் சொன்ன பிறகே எடுத்தார்.

அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் கூர்மை. குள்ளமான உருவம், பெரிய குரல். "இவரு தன்ற கல்யாணத்துக்கே விருந்தாளி மாதிரி வந்தவருங்க சாருங்க. இவரு கணக்குல நானே ஓசிதான்" என்பார். அவர் பக்கத்தில் நின்று, யாரையோ பற்றிய பேச்சு போலப் புன்னகை செய்துகொண்டிருப்பார்.

காரணத்தை ஒரு மழை நாளில் அந்த அம்மாள்தான் சொன்னார். அவர்கள் ஊரில் புதிதாக விளைந்த எதையும் முதல் கை எடுத்து சேர்வராயன் குகைக் கோயிலில் வைக்கும் வரை 'என்னுது' என்று வாயால் சொல்வதில்லையாம். கேழ்வரகானாலும் கன்றுக்குட்டியானாலும் அப்படித்தான். குழந்தையையும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பேர் சொல்வார்களாம். தலைப்பிள்ளை சேலத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து "ஆம்பளப் புள்ள" என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம், கூட்டுகிற அம்மாளிடம்கூட, "என்ற பையன், என்ற பையன்" என்று சொல்லிக்கொண்டு வராந்தா முழுக்க ஓடியிருக்கிறார். மலைக்குக் கொண்டுவந்த குழந்தை ஒரு வாரம் தங்கவில்லை.

"மத்தவங்க வாயில சொல்ல மாட்டாங்க, மனசுல வெச்சுக்குவாங்க" என்றார் அந்த அம்மாள். "இவரு மனசுல இருந்தே எடுத்துப் போட்டுட்டாருங்க."

இப்படிப்பட்ட மனிதர் சட்டத்தின் முன்னால் போய் நிற்க நேர்ந்ததுதான் கொடுமை.

எங்கள் பக்கத்தில் ஓர் எஸ்டேட். அதன் முதலாளி சேலத்துக்காரர். தங்கச் சேமிப்புத் திட்டம் என்று ஊர் ஊராகப் பணம் வாங்கியவர். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். அந்த மிளகை மட்டும் ஒரு வருஷத்துக்குக் குத்தகை விடுவது இங்கே வழக்கம். ஆடி மாதத்தில் என் கீழ் வீட்டுக்காரர் அதைக் குத்தகைக்குப் பிடித்தார். பணம் சேலத்து மிளகு மண்டிக்காரரிடம் கடன். வீட்டையும் இரண்டு ஏக்கரையும் ஈடாகக் கொடுத்தார். மாசி முடிவதற்குள் மிளகாகவோ பணமாகவோ திரும்பாவிட்டால் நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பதாகப் பேச்சு.

மரக் குத்தகைக்கு எழுத்து கிடையாது. பணத்தை வாங்கியதும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சுண்ணாம்பு வாளியோடு வந்து, குத்தகைக்கு விட்ட ஒவ்வொரு மரத்திலும் ஒரு கோடு போடுவார். அதுதான் பத்திரம், அதுதான் ரசீது. நான் அவரோடு போய் மரங்களை எண்ணினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆறு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கொடிகளைக் குழந்தைக்குத் தலை வாருவது போல இழுத்துக் கட்டினார்கள். மருந்தடித்தார்கள், நிழலைக் கழித்தார்கள். மார்கழியில் சரம் சரமாகப் பச்சை இறங்கியது. "எப்படி இருக்கிறது உங்கள் மிளகு?" என்று கேட்டால், "மரத்துல நல்லா இருக்குதுங்க" என்பார்.

அந்த மாதம் முதலாளி கைதானார். அடுத்த வாரம் எஸ்டேட் கேட்டில் ஒரு பலகை. மோசடிப் பணத்தில் வாங்கிய சொத்து என்று அரசு அதை முடக்கியிருக்கிறது, உள்ளே யாரும் நுழையவோ எதையும் எடுக்கவோ கூடாது. ரைட்டர் ஊரைவிட்டே போய்விட்டார். கிளியூரில் அவருடைய உறவினர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனோம், பூட்டியிருந்தது.

முடக்கிய சொத்தில் நியாயமான உரிமை உள்ளவர்கள் கோவையிலுள்ள தனிக் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று தெரிந்தது. சேலத்தில் ஓர் இளம் பெண் வக்கீல், என் பழைய சகாவின் மகள், வழக்கை எடுத்துக்கொண்டாள். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரசீது இல்ல, ரைட்டரும் இல்ல. இவரு வாய்ச் சொல்லு ஒண்ணுதான் சாட்சி அங்கிள். கூண்டுல ஏறி, காசு குடுத்தேன், மிளகு என்னுதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவர் அவளைக் கவலையோடு பார்த்தார். "அது மட்டும் வேண்டாம் கண்ணு. வேற ஏதாச்சும் சொல்லறனே."

"வேற என்னங்க சொல்லுவீங்க?"

"நடந்ததச் சொல்லறேன். அவங்களே பாத்துச் செய்வாங்க."

நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். 'என்னுது' வேண்டாம், 'அதில் எனக்குப் பாத்தியம் உண்டு' என்று சொல்லலாமே? வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இது சொல்லலாமுங்க. இது பொருள் மேல கை வெக்கறதில்ல, பக்கத்துல நிக்கறதுதான்" என்றார். முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் மலை இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அவரைச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் தப்பில்லாமல் சொன்னார். அந்த அம்மாள்கூட, "பரவாயில்ல, ஆவத்துக்கு வாய் வருது" என்றார்.

கூண்டில் ஏறியவரிடம் அரசு வக்கீல் ரசீது கேட்டார்.

"மரத்துல சுண்ணாம்புக் கோடு இருக்குதுங்க."

"மழை பெய்ஞ்சா?"

"போயிருமுங்க."

சிலர் சிரித்தார்கள்.

"சரி. அந்த மரத்துல இருக்கற மிளகு உங்களோடதா?"

"அதுல எனக்குப் பாத்தியம் உண்டுங்க."

எனக்கு மூச்சு வந்தது. அரசு வக்கீல் விடவில்லை. "நான் அதைக் கேக்கல. உங்களோடதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகுச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

"இல்லீங்க" என்றார்.

வக்கீல் பெண் எழுந்துவிட்டாள். நீதிபதி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவரே கேட்டார். நல்ல மனிதர். "பெரியவரே, பயப்படாதீங்க. காசு குடுத்திருக்கீங்க, ஆறு மாசம் உழைச்சிருக்கீங்க. அப்ப அது யாரோடது?"

"இன்னும் யாருதும் ஆகலீங்க சாமி."

"எப்ப ஆகும்?"

"பறிச்சு, மொதக் கை கோயில்ல வெச்ச பொறவுங்க."

"பறிக்கத்தான் தடை இருக்கே?"

"அதக் கேக்கத்தானுங்க இத்தன தூரம் வந்தோம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வக்கீல் பெண்ணிடம், "உரிமை இருக்குன்னு வர்றவருக்குத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். இல்லைங்கறவருக்கு எதை எடுத்துக் குடுக்கறது?" என்றார். ரைட்டரைத் தேடிக் கொண்டுவரச் சொல்லிப் பங்குனியில் ஒரு தேதி கொடுத்தார். அவரால் முடிந்த தயவு அது. பங்குனி வரைக்கும் மிளகு கொடியில் நிற்காது.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைங்க! பொய் சொல்லச் சொன்னமா? ஊரான் பொருளக் கேக்கச் சொன்னமா? ஒரு வார்த்தைக்கு என்னங்க வலிச்சுது?"

"சொன்னா நிக்காது புள்ள."

"சொல்லாம மட்டும் நின்னுதா?"

திரும்பி வரும்போது எனக்கும் அவரிடம் பேசப் பிடிக்கவில்லை. மலை ஏறும்போது என் பக்கம் திரும்பி, "சாருக்கு நொம்ப அலைச்சல்" என்றார். அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது.

தை பிறந்தது. சரத்துக்கு ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறித்துவிட வேண்டும். சிவந்தன. அவர் தினமும் காலையில் முள்கம்பி வேலிக்கு வெளியே போய் நிற்பார். நானும் போவேன். வேலிக்கு அருகில் கண்ணுக்குத் தெரிந்த கொடிகள் முப்பத்தேழு. ஒரு வாரத்தில் முழுச் சரமும் சிவந்தது. குருவிகள் கூட்டமாக வந்தன. பிறகு உதிரத் தொடங்கியது. காய்ந்த சருகின் மேல் மிளகு விழுகிற சத்தம், தூறல் தொடங்குவது போல இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் இமை துடிக்கும். நான் ஒன்பது மனுக்கள் எழுதினேன், யார் யாருக்கோ. எட்டுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு, உரிய நீதிமன்றத்தை அணுகவும் என்று பதில் வந்தது.

காவலுக்கு இருந்தவன் வாழப்பாடிப் பக்கத்துப் பையன். அவனால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் மெல்ல வந்து, "பெரியவரே, மத்தியானம் நான் சோத்துக்குப் போயிருவேன். சாக்கு எடுத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் பாக்கல" என்றான்.

எனக்குச் சட்டென்று நம்பிக்கை வந்தது. முப்பது வருஷம் அடுத்தவன் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவன், 'வாருங்கள், நானும் சாக்கைப் பிடிக்கிறேன்' என்று சொல்லத் தயாராகிவிட்டேன்.

"என்னுதில்லாதத எப்புடிங்க பறிக்கறது?" என்றார் அவர்.

"ஐயா, உங்களுதுதானய்யா அது!" என்று அந்தப் பையனே கத்திவிட்டான்.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் சாக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அவர் குறுக்கே வந்து வழியில் உட்கார்ந்துகொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "போவாத. புடிச்சாங்கன்னா உன்னத் திருடிம்பாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் சாக்கை அவர் முகத்தில் எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய இட்லியைச் சாப்பிட்டார்களா என்று தெரியாது. பாத்திரம் கழுவித் திரும்ப வந்தது.

மண்டிக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் அதே முதலாளியின் திட்டத்தில்தான் மாட்டியிருந்தது. மாசியில் மலை ஏறி வந்தார். திண்டாடித் திண்டாடித்தான் பேசினார். "அண்ணே, என்னைய நாலு பேரு நெருக்கறான். உங்க காட்ட எழுதிக்கிட்டு நான் என்ன கேழ்வரகா வெதைக்கப் போறேன்? வித்துத்தான் அடைக்கணும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

"பேசுனது பேசுனதுதானுங்க. எழுதிக்கோங்க" என்றார் இவர்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அன்று கூட்டம் அதிகம் இல்லை. சார்பதிவாளர் முன்னால் இவர் நின்றார். ஒரு பக்கம் மண்டிக்காரர், மறுபக்கம் அந்த அம்மாள். சாட்சிக் கையெழுத்துக்கு நான். சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சொத்து உங்களோடதுதானே? மனசாரத்தான் எழுதிக் குடுக்கறீங்களா?"

இவர் மேஜையில் கிடந்த பத்திரத்தைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்குப் பதிவு நடக்காது. பங்குனித் தேதி வந்துவிடும். ரைட்டர் கிடைக்கலாம். எதுவும் நடக்கலாம். கோவையில் எந்த வார்த்தையைச் சொல்லித் தொலைத்தாரோ, அதே வார்த்தையை இங்கே சொல்லிவிட்டால் வீடு நிற்கும். என் கணக்கு அந்த அம்மாளுக்கும் ஓடியிருக்க வேண்டும். அவர் புருஷனின் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தார். "சொல்லாதீங்க" என்றார். "உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க. சொல்லாதீங்க."

மண்டிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே..." என்றார்.

இவர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"என்னுதுதானுங்க" என்றார்.

அந்தக் குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

கைரேகை வைக்கும் சின்ன இயந்திரத்தை நீட்டினார்கள். விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மீண்டும் வைத்தார். மீண்டும் சிவப்பு. "ரேகையே இல்லீங்களே, எல்லாம் தேஞ்சு கெடக்கு" என்றாள் அங்கிருந்த பெண். வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு சிவப்புக்கும் அந்த அம்மாளின் உதடு அசைந்தது. கோயில் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆறாவது தடவை மண்டிக்காரர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். இவர் விரலை ஒரு பாத்திரத்தைத் துடைப்பது போல அழுத்தித் துடைத்து, மூச்சுப் பிடித்து வைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதாங்க" என்றாள் அந்தப் பெண். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏனுங்க சாருங்க, கோயமுத்தூர்ல கேட்டப்ப இந்தக் கொரலு எங்க போச்சுங்க?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கமே திரும்பவில்லை. மண்டிக்காரரின் கைக்குட்டையை நான்காக மடித்து, ஓரத்தை நீவி, அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அதை வாங்கக் கை வரவில்லை.